முதலில் ஏறிய மாத்திரை

இதய டாக்டரின் கதவுக்கு வெளியே நின்று டோக்கன் கூப்பிடுகிற வேலைக்கு உரத்த குரல் இருந்தால் போதும் என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார்கள்; எதற்கெடுத்தாலும் பதறுகிற மனசு இருந்தால் வராதே என்று ஒருவரும் சொல்லவில்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில், சுக்கும் மிளகும் மணக்கிற கிடங்குகளுக்கு நடுவே ஒரு சின்ன கிளினிக். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே அட்டெண்டராகப் போனேன். இதய நோயாளிகள் ஏறி வருவதற்கென்றே மாடிப்படி வைத்துக் கட்டிய இடம் அது. அந்தப் படியைப் பற்றி ஆரம்பித்தால் வேறு எதையும் எழுத முடியாது, விட்டுவிடுகிறேன். பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மருந்துச் சீட்டு படிக்கத் தெரியாது. ஆனால் படியேறி வருகிறவர் எந்தப் படியில் நின்று மூச்சு வாங்குகிறார் என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். கிளினிக்கில் பேசுவது பெரும்பாலும் மலையாளம்தான்; இங்கே நம் தமிழில் எழுதுகிறேன். ஒன்றிரண்டு வார்த்தை ஒட்டிக்கொண்டு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு ஹார்ட் பேஷண்டை வைத்துக்கொண்டு, அவர் இருமினால்கூட எழுந்து உட்காருகிறவரா நீங்கள்? அப்படியானால் நான் படுகிற பாடு உங்களுக்கு விளக்காமலே புரியும்.

ஒழுங்காக வேலை பார்க்காத ஒருத்தன்

என் அண்ணன் மாணிக்கம் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் தாத்தா அந்த வேலைக்காகத்தான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்து, கல்யாணம் செய்துகொடுத்து, என் வீட்டுக்காரர் காலமான பிறகு பக்கத்து வீட்டிலேயே குடிவைத்துக்கொண்டதும் அண்ணன்தான். அவருக்கு நெஞ்சுவலி ஒருமுறை வந்து போனது. எங்கள் டாக்டர்தான் பார்த்தார். ரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்க தினமும் ஒரு ஆஸ்பிரின், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. அண்ணன் சோற்றை மறந்தாலும் அதை மறந்ததில்லை.

அப்படியிருந்தும், இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து, இரண்டாவது வலி வந்தது. எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். கிளினிக்கில் எங்கள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "செல்வி, மறுபடியும் ரத்தம் கட்டியிருக்கு. தினமும் மாத்திரை சாப்பிட்டும் கட்டியிருக்கு. வயசான சிலருக்கு ஆஸ்பிரின் முழுசா வேலை செய்யறதில்லை. மூணாவது தடவை வந்தா அந்த நெஞ்சு தாங்காது" என்றார். உள்ளே கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த அண்ணன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வெளியே வந்து டாக்டரைப் பார்த்துச் சொன்னார்: "நான் ஒழுங்காத்தான் டாக்டரே தின்னேன், அதுதான் ஒழுங்கா வேலை பாக்கல. எங்க கார்ப்பரேஷன்லயும் இப்படி ஒருத்தன் இருந்தான்."

சாப்பாட்டுக்குப் பிறகு

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. எந்த நோயாளி என்ன தப்புக்காக டாக்டரிடம் திட்டு வாங்கினாலும், அதே தப்பை அண்ணனும் செய்கிறாரா என்று வீட்டுக்குப் போய்த் துழாவுவேன்.

முதலில் அகப்பட்டது ஒரு பாலக்காட்டு மாமி. கொச்சிக்கு வந்து தலைமுறைகள் ஆன குடும்பம். என்னோடு தமிழில் பேசலாம் என்பதற்காகவே முன்கூட்டி வந்து உட்காருவார். எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு டாக்டர் புது மாத்திரை எழுதப் போனால், "வேண்டாம், போன மாசத்துது நிறைய மிச்சம் இருக்கு" என்றார் மாமி. எப்படி மிச்சம்? ஏகாதசி, சஷ்டி, பிரதோஷம், கிருத்திகை, அதற்குமேல் திங்கட்கிழமை. விரத நாளில் மாமி சாப்பிடுவதில்லை, அதனால் மாத்திரையும் இல்லை.

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். ரத்தத்தில் தட்டணு என்று சின்னச் சின்னதாக இருக்கின்றன, அவை ஒன்றோடொன்று ஒட்டித்தான் கட்டியாகிறது, ஆஸ்பிரின் அந்த ஒட்டுகிற குணத்தைக் கெடுக்கிறது, ஆனால் தினமும் புதுத் தட்டணுக்கள் பிறந்துகொண்டே இருக்கும், அவற்றுக்கு விரதம் தெரியாது என்று பொறுமையாக விளக்கினார். மாமி எல்லாவற்றையும் கேட்டார். வெளியே வந்து என்னிடம் குனிந்து சொன்னார்: "நீயே சொல்லுடீ செல்வி, சாப்பாட்டுக்கு அப்புறம்னு அவர்தானே சொன்னார்? சாப்பாடே இல்லாத அன்னிக்கு அதுக்கு அப்புறம் எங்கேர்ந்து வரும்?"

மழைக்காலத்து டப்பா

அண்ணனுக்கும் விரதத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சபரிமலைக்கு மாலை போட்ட வருஷங்களிலேயே பசி தாங்காதவர். ஆகவே அந்தச் சந்தேகம் அதோடு தீர்ந்தது.

அடுத்தது ரோசம்மா சேச்சி. வைப்பின் தீவிலிருந்து போட்டில் வந்து மீன் விற்கிறவர். எங்கள் கிளினிக்குக்கு வரும் நாளில் மட்டும் குளித்துப் பவுடர் போட்டு வருவார். ஒரு ஜூன் மழையில், நெஞ்சு அடைக்கிறது என்று வந்தார். "மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டதும் மடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். விரலில் வலு இல்லை, அட்டையிலிருந்து பிதுக்கி எடுக்க முடியவில்லை என்று, மருமகள் மாதம் முழுவதுக்குமான மாத்திரையை ஒரே நாளில் பிதுக்கி அந்த டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். டப்பா இருந்தது சமையலறை ஜன்னலில், சாரல் அடிக்கிற பக்கம்.

டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார். என்னையும் முகரச் சொன்னார். சுளீரென்று வினிகர் வாடை. ஆஸ்பிரினுக்கு ஈரம் ஆகாதாம். காற்றிலுள்ள ஈரம் பட்டாலே மெல்ல மெல்ல உடைந்து, அதிலிருந்து வினிகரின் புளிப்புப் பிரிந்து வந்துவிடுமாம். மாத்திரை மாத்திரை மாதிரியே வெள்ளையாக வட்டமாக இருக்கும், உள்ளே சத்து குறைந்து போயிருக்கும். நம் ஊர் மழையில் உப்பே தண்ணீராகிறது, மாத்திரை எம்மாத்திரம். ரோசம்மா சேச்சி டப்பாவை வாங்கித் தானும் ஒருமுறை முகர்ந்தார். மருமகள் மேல் கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் சொன்னது இது: "ஈசோயே, இத்ர நாளும் மீன் அச்சாறுக்கு நான் காசு கொடுத்தல்லவா வினாகிரி வாங்கினேன்!"

சாயாக்கடையில் உளவு

அன்று மாலை அண்ணன் வீட்டு மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தேன். எல்லாம் அட்டைக்குள் பத்திரமாக இருந்தன. எங்கள் மதினி, அண்ணன் சம்சாரம், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளே, போலீஸ் நாய் மாதிரி மோந்து மோந்து பாக்குறே?" என்றார். என் மனசு பீடிக்குப் போய்விட்டிருந்தது.

டாக்டர் ஒருநாள், புகை பிடிக்கிறவர்களுக்குத் தட்டணு இன்னும் முரட்டுத்தனமாக ஒட்டும், மாத்திரையால் அடக்க முடியாது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் முதல் வலியோடு பீடியை விட்டுவிட்டார். விட்டதாகத்தான் சொன்னார். ஆனால் விடியற்காலையில் கூட வேலை பார்த்த பழைய ஆட்களோடு உட்காரச் சாயாக்கடைக்குப் போகிறாரே, அங்கே என்ன நடக்கிறது என்று யார் கண்டது? ஒருநாள் குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு எதிர்ச்சாரியில் போய் நின்றேன். மழை இல்லை. குடை பிடித்த ஒரே ஆள் நான்தான். சாயா அடித்துக்கொண்டிருந்த சேட்டன் முதல் ஆளாகப் பார்த்துவிட்டார். பெஞ்சு முழுவதும் திரும்பியது. அண்ணன் கையில் சாயா கிளாஸ் மட்டும் இருந்தது. அவரோடு குப்பை வண்டி இழுத்த சுடலைமுத்து அண்ணன் எழுந்து வந்து, குடைக்குள் குனிந்து சொன்னார்: "பயப்படாதே தங்கச்சி, உன் அண்ணன் பீடி குடிக்கிறதில்ல. நாங்க குடிக்கும்போது பக்கத்துல வந்து நின்னு மூச்சு இழுத்துக்குறான், அவ்வளவுதான்."

டாக்டர் பொறுமை இழந்த நாள்

பிறகு டாக்டரையே தொந்தரவு செய்யத் தொடங்கினேன். ஒரு நோயாளி வெளியே போய் அடுத்தவர் உள்ளே வருகிற இடைவெளியில் கதவிடுக்கில் தலையை நீட்டி, "டாக்டரே, அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கே, அதாலயா?" என்பேன். மறுநாள், "வயசாலயா?" என்பேன். அவரும் பாவம், சொல்லத்தான் செய்தார். சர்க்கரை இருந்தால் தட்டணு வேகவேகமாகப் பிறக்கும், காலையில் போட்ட மாத்திரை காலையில் இருந்தவற்றைத்தான் கெடுக்கும், சாயங்காலம் புதிதாக வந்தவை நல்ல ஒட்டும் பசையோடு நிற்கும். வயிறு புண்ணாகாமல் இருக்க மாத்திரைமேல் ஓர் உறை பூசியிருக்கும், அது சில உடம்பில் சரியாகக் கரைந்து உள்ளே சேராது. அதற்காக அண்ணனுக்கு உறையில்லாத மாத்திரைக்கு மாற்றியும் கொடுத்தார். கூடவே ரத்தம் கட்டாமலிருக்க வேறு வகை மாத்திரை ஒன்றும் சேர்த்தார்.

எனக்கு அது போதவில்லை. ஒரே ஒரு காரணம் வேண்டும், அதைக் கையால் பிடித்து வெளியே தூக்கிப் போட வேண்டும். அப்படித்தானே நமக்கெல்லாம் தோன்றும்? ராத்திரி மதினி வீட்டுப் பக்கம் ஒரு பாத்திரம் விழுந்தால்கூட ஓடுகிறவளுக்கு, வயசு, சர்க்கரை, அதிர்ஷ்டம் என்று பாகம் பிரித்துச் சொன்னால் எப்படி மனசு ஆறும்? ஒருநாள் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபப்படவில்லை, களைத்துப்போன குரலில் சொன்னார்: "செல்வி, நீ திருடனைத் தேடற மாதிரி தேடறே. சில வீட்டில் திருடனே வரமாட்டான், சாமான் தானா குறையும்."

சட்டைப் பையிலிருந்து

அதற்கடுத்த செக்கப்புக்கு அண்ணனை நான்தான் உள்ளே கூட்டிப்போனேன். அன்று காலையிலிருந்து நின்று நின்று எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. டாக்டர் பிரஷர் பார்க்கும்போது சுவரில் சாய்ந்து "அம்மா" என்றேன். அவ்வளவுதான். அண்ணன் பிரஷர் பட்டை கட்டாத கையைச் சட்டைப் பையில் விட்டார். ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியை எடுத்து, "இந்தா செல்வி, ஒண்ணு போட்டுக்கோ. கல்ஃப் குளிகை. கொஞ்ச நேரத்துல வலி பறந்துரும்" என்று நீட்டினார்.

மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கல்ஃபிலிருந்து ஒருத்தர் லீவில் வந்தால் செண்டு, சோப்பு, தைலம், பால்பொடியோடு ஒரு பெரிய குப்பி வலி மாத்திரையும் வரும். அதை வீடுவீடாகப் பிரித்துக் கொடுப்பார்கள், கல்யாண வீட்டுப் பலகாரம் மாதிரி. மதினியின் தம்பி துபாயில் இருக்கிறார். அவர் கொண்டுவந்த குப்பிதான் அது. டாக்டர் பிரஷர் பட்டையை அப்படியே விட்டுவிட்டுக் குப்பியை வாங்கிப் படித்தார்.

"மாணிக்கம் சேட்டா, இதை எப்போ சாப்பிடறீங்க?"

"காலையில எந்திரிச்சதும். கட்டன்சாயாவோட. முட்டி ஒரே பிடிப்பு டாக்டரே, இது இல்லாம சாயாக்கடை வரைக்கும் நடக்க முடியாது."

"தினமுமா? ஆஸ்பிரின்?"

"அது நீங்க சொன்ன மாதிரி. திரும்பி வந்து, புட்டு தின்னு, அதுக்குப் பிறகு."

டாக்டர் நாற்காலியை இழுத்து அண்ணனுக்கு முன்னால் போட்டுக்கொண்டார். போர்ட் கொச்சியிலிருந்து வைப்பின் போட்டில் சீட் பிடித்துப் போயிருக்கிறீர்களா என்று கேட்டார். தட்டணுவிலும் அப்படி ஒரு சீட் இருக்கிறதாம், ஒரே ஒரு சீட். ஆஸ்பிரின் அதில் உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுந்திருக்காது, அந்தத் தட்டணுவின் ஆயுள் முடிகிறவரை அதை ஒட்டவிடாது. இந்த வலி மாத்திரையும் அதே சீட்டுக்குத்தான் வருகிறது. ஆனால் இது சும்மா துண்டு போட்டு உட்காருகிற ஆள், சில மணி நேரத்தில் எழுந்து இறங்கிவிடும். ஆஸ்பிரினோ காத்து நிற்காது. சீட்டில் ஆள் இருந்தால் கொஞ்ச நேரத்தில் உடம்பை விட்டே போய்விடும். பிற்பாடு சீட் காலியாகும்போது அதுவும் இல்லை, இதுவும் இல்லை. தட்டணு தன் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொள்ளும்.

"இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். வயசும் சர்க்கரையும் அங்கேயே இருக்கு. ஆனா இது தெரிஞ்ச பிறகு விட முடியாது. தினமும் இதைச் சாப்பிடறது நெஞ்சுக்கும் கிட்னிக்கும்கூட நல்லதில்லை" என்றார் டாக்டர். "எல்லா மருந்தையும் கொண்டுவந்து காட்டுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? இதை ஏன் காட்டலை?"

அண்ணன் நிஜமாகவே திகைத்துப் போனார். அவமானப்பட்ட மாதிரிகூட இருந்தது. "மச்சான் ஆசையா கொண்டாந்து குடுத்ததை எப்படி டாக்டரே மருந்துன்னு சொல்றது?"

இரண்டு பெண்களும் ஒரு முட்டியும்

திருடன் அகப்பட்டுவிட்டான் என்று நான் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். குப்பி நின்றது. அதற்குப் பதிலாக, ஆஸ்பிரினோடு மல்லுக்கு நிற்காது என்று டாக்டர் சொன்ன சாதாரண காய்ச்சல் மாத்திரை வந்தது. அது அண்ணன் முட்டியைத் தொட்டுப் பார்த்ததோடு சரி. சுடுதண்ணீர் ஒத்தடம், தைலம், காலை நீட்டி மடக்கும் பயிற்சி என்று எல்லாம் செய்தோம். மழை பிடித்த வாரத்தில் முட்டி பலாக்கொட்டை போட்ட துணிப்பை மாதிரி வீங்கிக்கொண்டது. சாயாக்கடை நின்றது. பிறகு கக்கூசுக்குப் போகவே சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. நெஞ்சில் ஒரு தொல்லையும் இல்லை. அதுதான் தொல்லை. நோகாத நெஞ்சுக்காக நோகிற காலை விட்டுவிடு என்று ஒரு மனுஷனிடம் எத்தனை நாள் சொல்ல முடியும்?

ஒரு காலையில் நான் போனபோது மதினி கட்டன்சாயாவை நீட்டிக்கொண்டிருந்தார். மறு கையில் கல்ஃப் குளிகை. அரிசிப் பானைக்குள் இன்னொரு குப்பி இருந்திருக்கிறது. நான் கையைப் பிடித்துவிட்டேன்.

"மதினி, உங்களுக்கு அண்ணன் வேணுமா வேண்டாமா?"

"அதை நீ கேக்குறியா என்கிட்ட? நீ நெஞ்சைப் பாத்துட்டு உன் வீட்டுக்குப் போயிடறே. விடிய விடிய அந்தக் காலைப் பிடிச்சு விடறது நான். அந்த மனுஷன் தலையணையக் கடிச்சுக்கிட்டு அழுறதை நீ பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. என் கைப்பிடி தானாகத் தளர்ந்தது. மாத்திரை மதினியின் உள்ளங்கையில் இருந்தது. அதைப் பிடுங்க எனக்கு என்ன அதிகாரம் என்று முதல்முறையாகத் தோன்றியது. இரண்டு பேரும் அழுதோம். ஒருவரையொருவர் பார்க்காமல் அழுதோம். கட்டிலில் இருந்த அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாயாவை மட்டும் வாங்கிக்கொண்டார். மதினியின் கையை மெல்ல மடக்கி மூடினார், மாத்திரை உள்ளே இருக்கும்படியே.

அதற்குப் பிறகு அவர் அந்தக் குளிகையைத் தொடவில்லை. மூன்றாவது வலியும் வரவில்லை. இத்தனை வருஷமாக அண்ணன் இருக்கிறார். ஆஸ்பிரினுக்குச் சீட் கிடைத்ததாலா, டாக்டர் சேர்த்துக் கொடுத்த இன்னொரு மாத்திரையாலா, வெறும் அதிர்ஷ்டமா என்று டாக்டருக்கே தெரியாது. நான் கேட்பதையும் விட்டுவிட்டேன். சாயாக்கடைக்கு இப்போது கம்பு ஊன்றி, நாலு இடத்தில் நின்று நின்று போகிறார். அன்று அந்தக் கட்டிலில் உட்கார்ந்து, சாயாவை ஊதிக்கொண்டே அவர் எங்களிடம் சொன்னது இதுதான்: "ரெண்டு பேரும் மூக்கைத் தொடைங்க. முட்டி நொந்தா நொந்துட்டுப் போகட்டும், நோகுறதுக்கு ஆளு இருக்கான்னுதானே அர்த்தம்?"

ஆஸ்பிரின் ஏன் சில வயசானவர்களுக்குச் சரியாக வேலை செய்வதில்லை என்று யாராவது என்னைக் கேட்டால், அது தனியாக விட்டால் வேலை செய்கிற மாத்திரை, நம் வீடுகளிலோ யாரையும் எதையும் தனியாக விடுகிற வழக்கமில்லை என்றுதான் சொல்வேன்.